முதலாவதா, இரண்டாவதா?

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தட்டுகள். சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டாக இருந்தாலாவது தெருவையே கூப்பிட்டு உட்கார வைக்கலாம். இவை சினிமாத் தட்டுகள். டிஸ்க் என்று சொன்னால்தான் அவள் கணவருக்குப் பிடிக்கும். அதனாலேயே அவள் தட்டு என்று சொல்வாள்.

வீட்டின் நீளமான அறையில் மூன்று சுவர்களையும் அவை அடைத்துக்கொண்டு நின்றன. நாலாவது சுவரில் வெள்ளைத் திரை. பாதிக்கு மேல் மேலுறைகூடப் பிரிக்காதவை. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். பார்ப்பதற்காக வாங்கிய பொருளைப் பார்த்தால் மதிப்புப் போய்விடும் என்கிற மனிதரிடம் என்ன பேசுவது? ஒரே படம் நாலு பதிப்பு இருந்தது: சாதா டிஸ்க், அப்புறம் புளூ-ரே, அப்புறம் ஃபோர்கே, அப்புறம் தகரப் பெட்டியில் வந்த ஃபோர்கே. நாலிலும் கதாநாயகன் ஒரே மாதிரிதான் செத்தான்.

இந்தப் பைத்தியம் ஐந்து வருடத்துக்கு முன்னால் பிடித்தது. அதுவரை அவரும் ஊரில் நாலு பேரைப் போலக் கிடைத்ததைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்தான். ஒருநாள், "படம் கொஞ்சம் கலங்கலா இருக்கும்மா" என்றார். அவள் அப்போது சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அப்போ நல்ல டிஸ்க்கா வாங்கிப் பாருங்க" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதிலிருந்து அந்த அறை கோயிலாகிவிட்டது. செருப்போடு போகக் கூடாது, துடைப்பத்தோடு போகக் கூடாது, தூசு பறக்கும். தூசு அவருக்கு ஆகாது, ஆஸ்துமா. மருந்து உறிஞ்சும் குழல் ஒன்று எப்போதும் அலமாரி விளிம்பில், தகரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும். பக்தர்கள் இரண்டு பேர்: ஒரு பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருவரும் அவரைத் "தலைவரே" என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்து மூடி மூவரும் உட்கார்ந்தால், படம் ஓடுவது கொஞ்சம், தலைவர் நிறுத்திப் பேசுவது அதிகம்.

"ஓடிடியில இன்னைக்கு இருக்கிற படம் நாளைக்கு இருக்காது. நம்மளைக் கேக்காமலே தூக்கிடுவான். நடுவுல ஒரு காட்சியை வெட்டினாலும் நமக்குத் தெரியப்போறதில்ல. டிஸ்க்குன்னா அது நம்ம வீட்டுல இருக்கு, எவன் வந்து பிடுங்குவான்?"

இதுவரைக்கும் நியாயம்தான் என்று சமையலறையிலிருந்து அவளும் ஒப்புக்கொள்வாள், மனசுக்குள். அடுத்துதான் அளக்க ஆரம்பிப்பார்.

"அதோட, எல்லாப் படத்தையும் மஞ்சளாக்கிட்டானுங்க. வெள்ளைச் சட்டை டீ கொட்டின மாதிரி இருக்கு. விளக்கைக் காட்டினா அதைச் சுத்திப் பூப்பூவா வெளிச்சம். நல்ல டிஸ்க்ல அப்படி வராது." நல்ல டிஸ்க் வரும். ஒரு வாரம் கொண்டாடுவார். பிறகு அதுவும் மஞ்சள் என்பார். அதைவிட நல்ல டிஸ்க் வரும்.

அவள் பார்த்தால் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. ஜம்பம், வேறென்ன.

சோபா வேறு. முதலில் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. வருடா வருடம் அதை முன்னால் தள்ளினார். அந்தத் தூரத்தில் பார்த்தால்தான் இயக்குநர் நினைத்த மாதிரி தெரியுமாம். தரைவிரிப்பில் சோபாக்கால் அழுத்திய குழிகள் நாலு வரிசை இருந்தன. இப்போது திரைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இல்லை. பின்னால் நாலு மீட்டர் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அவளுக்கு வேண்டியது ஆறு மீட்டர்.

ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் சோதித்து வந்தாள். நாற்காலியிலிருந்து எழுத்துப் பலகைவரை ஆறு மீட்டர். "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று ஒருநாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்டிருப்பாள். கடை முதலாளியான பெரியவர் கடையை மகன் கையில் கொடுத்தார். மகன் ஒரு மெஷின் வாங்கிப் போட்டான். தாடையை வைத்தால் பத்து நொடியில் சீட்டு வருகிறது. "அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றான். சிரமமாம். அவளிடம் கண் காட்டியவர்களில் பலர், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், நாங்கள் வருகிறோம் என்றார்கள். அவள் வீடு முழுக்க டேப்பைப் பிடித்து அளந்தாள். சமையலறை மூன்று. படுக்கையறை நாலு, அதில் பீரோ வேறு. தட்டுகள் இருந்த அறை மட்டும் ஆறே கால்.

அந்த அறையைக் கேட்டாள். அவர் எங்கோ படித்துவிட்டு வந்து, "சுவர்ல முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டி அதுல பலகையைக் காட்டினா பாதித் தூரம் போதுமாமே" என்றார்.

"அப்போ நீங்களும் உங்க படத்தைக் கண்ணாடியில பார்த்துக்கோங்களேன்."

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. மாதம் முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. அன்று ஞாயிறு. பக்தர்கள் வந்திருந்தார்கள். தலைவர் கையை ஆட்டி, "ஓடிடி ஒரு நிமிஷம், டிஸ்க் ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டு. எது எதுன்னு சொல்லாட்டி நான் இந்த ரூமையே விட்டுடறேன்" என்று அளந்துகொண்டிருந்தபோது அவள் காப்பியோடு உள்ளே வந்தாள். காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"விட்டுடுவீங்களா?"

"என்ன?"

"ரூமை. உங்க ரெண்டு சிநேகிதர்களும் சாட்சி. அஞ்சு தடவை போட்டுக் காட்டறேன். அஞ்சையும் சரியாச் சொல்லிட்டா நான் இனிமே ரூம் பேச்சே எடுக்க மாட்டேன். ஒண்ணு தப்பினாலும் ஒண்ணாந்தேதி அலமாரி வெளியே."

சிநேகிதர்கள் முன்னால் பின்வாங்க முடியுமா? "போடு" என்றார்.

மற்ற இருவரும் விடையை எழுதித் தர வேண்டும் என்று ஏற்பாடு. பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீட்டைக் கிழித்து லிஃப்ட் மெக்கானிக்குக் கொடுத்தார். அவள் பின்னால் நின்று ரிமோட்டுகளை வாங்கிக்கொண்டாள். படம் தலைவரே தேர்ந்தெடுத்தது, அந்த நாலு பதிப்புப் படம். மழை பெய்த தெரு, ஒரே ஒரு விளக்குக் கம்பம், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் நடந்து வருகிறான்.

முதல் சுற்றில் அவள் தொழில் தந்திரம் ஒன்றைச் செய்தாள். கடையில் யாராவது ரொம்பத்தான் தெரிந்த மாதிரி பேசினால், ஒரே லென்ஸை எடுத்துவிட்டுத் திரும்ப அதையே போடுவாள். "முதலாவதா, ரெண்டாவதா?" பாதிப் பேர் கூசாமல் ஒன்றைச் சொல்வார்கள். தெரியவில்லை என்று அடுத்தவர் எதிரில் சொல்ல மனிதர்களுக்கு அவ்வளவு வெட்கம்.

டிஸ்க்கைப் போட்டாள். நிறுத்தினாள். அதே டிஸ்க்கை மறுபடி போட்டாள்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான் டிஸ்க். குழந்தைகூடச் சொல்லும். முதலாவது சோப்புத் தண்ணி" என்றார் தலைவர்.

பல் டாக்டரும் தலைவர் சொன்னதையே எழுதினார். லிஃப்ட் மெக்கானிக் எழுதியது ஒரே வரி: 'ரெண்டும் ஒண்ணுதானேக்கா?'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அறை அப்போதே கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஐந்து வருடத்து எரிச்சல், ஒரு சுற்றில் தீருமா? மிச்ச நாலு சுற்றையும் ஒழுங்காக ஓட்டினாள், ஒன்று ஓடிடி, ஒன்று டிஸ்க், முன்பின்னாக மாற்றி.

அப்போதுதான் அவளுக்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. வித்தியாசம் தெரிந்தது. ஓடிடியில் மழையிருட்டு கட்டம் கட்டமாகத் திட்டுத் திட்டாக நகர்ந்தது. டிஸ்க்கில் அதே இருட்டுக்குள் சுவரின் ஈரம் தெரிந்தது, கோட்டின் நூல் தெரிந்தது. இத்தனை நாள் வாய் வலிக்கக் கேலி செய்த விஷயம் உண்மை. ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை, அது வேறு. லிஃப்ட் மெக்கானிக் நாலும் சரி. பல் டாக்டர் மூன்று சரி. தலைவர் இரண்டு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இரண்டு வந்திருக்கும்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இது சரியான காட்சி இல்ல. இருட்டுல எப்படித் தெரியும்? வெளிச்சமா ஏதாவது போடு" என்றார்.

"போட்டுட்டாப் போச்சு." அவளுக்கு அவரை அத்தோடு விட மனமில்லை. படத்தின் முடிவில் எழுத்துகள் ஓடும் இடத்துக்குப் போய் நிறுத்தினாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். "ஆயிரம் தட்டு வாங்கினவராச்சே. மூணாவது வரியில யார் பேருன்னு படிங்க பார்க்கலாம்."

அவர் திரையைப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஒளிப்பதிவாளர்" என்று ஆரம்பித்துப் பெயரையும் கணீரென்று சொன்னார்.

லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். திரையில் ஒளிப்பதிவாளர் எங்கேயும் இல்லை. அவர் பெயர் வரும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று. மூணாவது வரியில் இருந்தது ஒரு தையல்காரியின் பெயர்.

அவள் வாயில் தயாராக வைத்திருந்த கேலி அங்கேயே நின்றது. இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஓட்டுநர் உரிமத்துக்குச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து இப்படித்தான் கணீரென்று ஒப்பிப்பார்கள். அவள் சத்தமில்லாமல் பலகையை மாற்றுவாள். அவர்கள் பழைய எழுத்துகளையே சொல்வார்கள்.

"திரைச்சீலையைத் திறங்க" என்றாள் பல் டாக்டரிடம்.

வெயில் உள்ளே விழுந்ததும் அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். போன வருடத்திலிருந்து மாலையில் வண்டி ஓட்டுவதில்லை. எதிரே வருகிறவனெல்லாம் விளக்கைக் கண்ணில் அடிக்கிறான், மரியாதை தெரியாதவன் என்று திட்டுவார். அதற்கும் அவள் சிரித்திருக்கிறாள்.

கைப்பையிலிருந்து கண்ணுக்குள் பார்க்கும் விளக்கை எடுத்து அவர் எதிரில் குனிந்தாள். எல்லார் கண்ணிலும் அந்த வெளிச்சம் பட்டால் உள்ளே தணல் மாதிரிச் சிவப்பு தெரியும். இவருடைய வலது கண்ணில் தணலுக்கு நடுவே கரும்புகை. இடது கண்ணில் தணலே இல்லை.

கண்புரை. ஐம்பத்து நாலு வயதில். இந்த வயதில் எதனால் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை, தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த ஸ்டீராய்டுக் குழல் நின்றது, நாள்பட்டால் அதுவே புரையை வளர்க்கும். வருடத்துக்கு இரண்டு தடவை மூச்சு முட்டும்போது ஸ்டீராய்டு மாத்திரை, அதையும் அவளேதான் எண்ணி எடுத்துக் கொடுப்பாள். நாற்காலியில் உட்காருகிற முன்பின் தெரியாத ஒவ்வொருவரிடமும், "ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்காமல் விட்டதில்லை. வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறதா, விளக்கைச் சுற்றி வெளிச்சம் பூக்கிறதா என்று கேட்காமல் விட்டதில்லை. இவர் யாரும் கேட்காமலே ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ச்சீ என்று இருந்தது, தன்னை நினைத்து.

"என்ன?" என்றார்.

"புரை. ரெண்டு கண்லயும். ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும், பயப்படாதீங்க."

சிநேகிதர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் வாசலில் திரும்பி, "நான் ஒண்ணாந்தேதி வந்து அலமாரியைக் கழட்டித் தரேன்க்கா" என்றார். அது உதவியா குத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். "ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு. உனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அறையும் கிடைத்தாயிற்று, பேச்சும் முடிந்துவிடும்.

"தெரிஞ்சுது. டிஸ்க்தான் நல்லாருக்கு. நல்லாவே தெரியுது."

"பார்த்தியா!" என்று தொடையில் தட்டினார். புரை என்று கேட்டபோது சுருங்கிய முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லல?"

அவள் சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், அவர் எழுந்து மறுபக்கத்தைப் பிடித்தார். பின்சுவர்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் கால்கள் முதல் வரிசைக் குழிகளில் போய் உட்கார்ந்தன. திரைமேல் எழுத்துப் பலகையை மாட்டினாள். ஆறு மீட்டர். கண் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்ப ஒரு அட்டையை எடுத்து, மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். பெயர், வயது, மருந்து, எல்லாம் அவளே நிரப்பினாள். அடுத்த இரண்டு கேள்விகளை அவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

"எத்தனை நாளா தெளிவாத் தெரியல?"

"அஞ்சு வருஷம் இருக்கும்."

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?"

"உன்கிட்டதான் சொன்னேன்" என்றார், கோபமே இல்லாமல். "நல்ல டிஸ்க்கா வாங்கிப் பாருங்கன்னு சொன்ன. கண்ணைப் பத்தி உனக்குத் தெரியாததா? வாங்கிட்டேதான் இருந்தேன்."