மவுஸைப் பிடுங்கியதால் நேலிதாவுக்குக் கல்யாணம் ஆன கதை

"மவுஸைப் புடுங்கி எங்க வச்சே? அதைச் சொல்லு முதல்ல," என்று அங்கே வெகுநாளாக வேலை பார்க்கும் நேலிதா கத்தியது மின்சார, தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் உள்ளறையில். கேட்டதோ வாசலில் நின்றவர்களுக்கெல்லாம்.

"அலமாரியில இருக்கு, தோன்யா நேலிதா. இனிமே அது தேவைப்படாது," என்றான் உலிசெஸ், மூத்த பெண்களுக்குப் போடுகிற 'தோன்யா' மரியாதை குறையாமல்.

அமைதியாகத்தான் சொன்னான். லா பிளாட்டா பல்கலைக்கழகத்தில் படித்து வருகிறவர்கள் அந்த அமைதியைப் பட்டத்தோடு சேர்த்தே வாங்கி வருகிறார்கள் போலிருக்கிறது. எரிகிற கொள்ளியில் அதுதான் எண்ணெயாக விழுந்தது.

ஊருக்கெல்லாம் இணையம் தருவது சங்கத்தின் சர்வர். மற்ற கம்ப்யூட்டர்களைப் போலவே அதிலும் மவுஸால் அமுக்குகிற படங்களும் ஜன்னல்களும் இருந்தன. சனி ஞாயிறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, புதிதாக வந்த டெக்னீஷியன் உலிசெஸ் அதையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டான். திங்கட்கிழமை நேலிதா வந்து பார்த்தால் வெறும் கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஊரில் ஜனவரிதான் கடும் கோடை; அந்த வெயிலில் சங்கத்தில் ஏசி ஓடுகிற ஒரே இடம் சர்வர் அறை. மெஷினுக்காகப் போட்ட ஏசியை மனுஷர்கள் விட்டுவைப்பார்களா? மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது, சங்கத்து ஆட்கள் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையும் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். எதிரே திரை, பக்கத்தில் மவுஸ். கை சும்மா இருக்குமா? போன வாரம் மேனேஜர் எச்சார்ட் அதில் கால்பந்து பார்த்தார். கோல் விழப்போகிற நேரத்தில் குறுக்கே ஏதோ ஒரு பெட்டி வந்து மறைக்கிறது என்று அதை மூடினார். கூடவே ஊரின் இணையமும் மூடிக்கொண்டது. சபித்தது ஊர், சாபம் வாங்கியது உலிசெஸ். 

"சர்வர்ங்கறது தண்ணி பம்ப் மாதிரி. பம்புக்கு யாராவது ஜன்னல் வைப்பாங்களா?" என்றான் உலிசெஸ்.

"பம்புலகூட ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும், தம்பி. நின்னு போனா யாராவது போய் அமுக்கலாம். இதுல எதைப் போய் அமுக்கறது, உன் தலையையா?"

பாரம் குறையும், கெட்டுப்போகிற சாமான் குறையும், திருடன் நுழைகிற வாசல் குறையும், எங்கே இருந்தாலும் தன் கைபேசியிலிருந்தே சரிசெய்துவிடலாம் என்று அவன் அடுக்கினான். நீ இருந்தால் சரி, நீ இல்லாத அன்றைக்கு என்ன கதி என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு அவன், நான் எங்கே போகப்போகிறேன் என்றான்.

உண்மையில் நேலிதாவின் கவலை சர்வரைப் பற்றியதே அல்ல. அவள் லீவைப் பற்றியது. ஒவ்வொரு ஜனவரியும் அவள் பஸ் பிடித்து, கடற்கரை ஊரான நெகோசேயாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவாள். தங்கை வீட்டுக்கு அடுத்த வீடு அமாதேயோ. எண்ணெயில் பொரிக்கிற சுர்ரோஸ் பலகாரக் கடை வைத்திருக்கிறவர், மனைவியை இழந்தவர். வருஷா வருஷம் கடற்கரையில் அவளோடு நடந்து வந்து, "நேலிதா, ஒரு விஷயம்..." என்று தொடங்குவார். உடனே கைபேசி அடிக்கும். எச்சார்ட்தான், இணையம் நின்றுபோச்சு என்று. பச்சைப் படத்தை அமுக்குங்க, அதில்ல, பக்கத்துல, என்று அவள் மணலில் நின்றபடியே வழி சொல்வாள். அந்தத் திரை முழுக்க அவளுக்கு மனப்பாடம். எல்லாம் சரியாகி முடிவதற்குள் அமாதேயோ எண்ணெய் காய்கிறது என்று கடைக்குப் போயிருப்பார். இப்படியே பல கோடைகள் போனது அவள் தங்கை சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

இந்த வருஷம் படமும் இல்லை. கறுப்புத் திரையைக் கற்றுக்கொள்ளாமல் லீவு கிடையாது என்று எச்சார்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸோ வெள்ளிக்கிழமை.

அந்த வாரம் முழுவதும் அவள் அந்த வெள்ளைக் கோட்டின் முன்னால் உட்கார்ந்து தட்டினாள். நடுவில் ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் தப்பு என்றது. தப்பு என்று சொல்லத் தெரிகிறதே தவிர, எது சரி என்று சொல்ல வாயில்லை அதற்கு. மறுபடி தட்டினால் மறுபடி தப்பு. வியாழக்கிழமை கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு மாமியார் வாய்க்கலையேங்கற குறை இன்னியோட தீர்ந்துது," என்றாள்.

உலிசெஸுக்கே பாவமாகிவிட்டது. மேனேஜரிடம் போய், சங்கத்துக்கு நானாச்சு, அவங்களை அனுப்புங்க என்று பேசி லீவு வாங்கிக்கொடுத்தான். நன்றி சொல்லாமலே அவள் பஸ் ஏறினாள். வழி நெடுகக் கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு, இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று பொருமிக்கொண்டே போனாளாம்.

அடித்தது ஞாயிற்றுக்கிழமை. ஊரில் மின்சாரம் ஒரு நிமிஷம் போய் வந்தது. சர்வர் எழுந்தது, இணையம் எழவில்லை. உலிசெஸ் மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருந்தான். அங்கே கைபேசிக்கு உயிரே கிடையாது. மருந்துக்கடைக்காரர் மகள் லூத்மிலாவும் அதே ஏரிக்குத்தான் போயிருந்தாள். மீன் எதையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

நெகோசேயா கடற்கரையில் அமாதேயோ "நேலிதா, ஒரு விஷயம்..." என்பதுவரை வந்திருந்தார்.

"எங்க அமுக்கணும், நேலிதா?" என்றார் எச்சார்ட் எடுத்த எடுப்பிலேயே.

"திரையில என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. ஒரு வெள்ளைக் கோடு. அது பாட்டுக்கு மின்னுது."

பழக்கதோஷத்தில் பச்சைப் படம் என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். உள்ளேயும் கறுப்புதான். உலிசெஸ் மேல் கோபம் கோபமாக வந்தது.

"எனக்குத் தெரியாது, மேனேஜர்."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். அந்தப் பையனைத் தேடிப் பிடிங்க."

சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. வைத்துவிட்டுக் கைபேசியையே பார்த்தபடி நின்றாள். அது மறுபடி அடிக்கவில்லை. அடித்துத்தான் என்ன பயன்? இவ்வளவு நாளும் அவள் சண்டை போட்டுக் காப்பாற்றப் பார்த்த பச்சைப் படம்தான் தன்னைக் கட்டிப்போட்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"முடிஞ்சுதா?" என்றார் அமாதேயோ, கடைப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தபடி.

"முடிஞ்சுது. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. சொல்லிட்டுப் போங்க."

எச்சார்ட் கார் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை முழுக்கத் தேடி, அந்த இருவரையும் ஒரே துண்டின் மேல் கண்டுபிடித்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

குளிர்காலத்துக்குள் நேலிதா அமாதேயோவைக் கட்டிக்கொண்டு நெகோசேயாவுக்கே போய்விட்டாள். அடுத்த கோடையில் உலிசெஸுக்கும் லூத்மிலாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாண வால்ஸ் நடனம் ஆடத் தொடங்கியபோது மாப்பிள்ளையின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எச்சார்ட்தான், வெள்ளைக் கோடு மின்னுகிறதாம். மறு வாரமே உலிசெஸ் தன் கையாலேயே படங்களையெல்லாம் திரும்பப் போட்டு, அலமாரியிலிருந்து மவுஸை எடுத்து எச்சார்ட் கையில் கொடுத்து, பச்சைப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டினான். கோடை முடிவில் வரும் கார்னிவல் திருவிழாவுக்கு முன்பே பெண்டாட்டியோடு பாயியா பிளாங்கா நகரத்துக்குக் குடிபோய்விட்டான். புதுக் கைபேசி எண்ணை மாமனாருக்கு மட்டும் கொடுத்திருக்கிறானாம்.