சாம்பலில் தெரிந்த வழி

என் மனைவி காட்டுக்குத் தீ வைக்கும் வேலை பார்த்தாள். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டுதான் வைக்கிறேன், பயப்படாதீர்கள் என்று அவளே சிரித்தபடி விளக்கத் தொடங்குவாள். இப்போது அந்த விளக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு கோர்வையாக வராது.

காட்டில் புதரும் சருகும் சுள்ளியும் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். யாரும் தொடாமல் விட்டால் ஏதோ ஒரு கோடையில் ஒரு மின்னலோ வழிப்போக்கன் எறிந்த சிகரெட் துண்டோ போதும், உச்சிக்கிளை வரை எரிந்து, மண்ணுக்குள் கிடக்கும் விதையும் வெந்துபோகும். அதற்கு முன்பே காற்றும் ஈரமும் சொன்ன பேச்சு கேட்கிற ஒரு நாளாகப் பார்த்து, தாழ்வான தீயாக வைத்து, சேர்ந்ததை மட்டும் எரியவிட்டு அணைப்பதுதான் அவர்கள் வேலை. "நெருப்புக்கு அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா தீனி போட்டுடணும். பட்டினி போட்டு வளத்தா வீட்டையே தின்னுடும்" என்பாள். ஒருமுறை ஒரு பைன் காயைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். செதில்கள் பிசினால் இறுக மூடியிருந்தன. தீயின் சூடு பட்டால்தான் இது வாய் திறந்து விதையை விடும், அதுவரை எத்தனை வருஷமானாலும் மரத்திலேயே காத்துக்கிடக்கும் என்றாள். அந்தக் காய் இன்றும் என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காவல் இருக்கிறது.

காகிதம் என் தொழில். பாடநூல் அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன். அவளுடைய குழுவினர் எனக்கு வைத்த பெயர் கால்புள்ளி அத்தான். அவர்களுக்கு அவள் அக்கா.

எங்கள் வீடு தெருவின் கடைசியில், மேட்டு விளிம்பில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் சரிவு கீழே இறங்கும். சரிவின் அடியில் குழுவின் கொட்டகை. காலையில் பின்கதவு வழியாக இறங்கிப் போவாள், மாலையில் ஏறி வருவாள். சாலை வழியாகச் சுற்றிப்போக அவளுக்குப் பொறுமை கிடையாது. ஆள் உயரப் புதருக்கு நடுவே அவள் கால் பட்டுப்பட்டே ஒரு வழி உண்டாகியிருந்தது. நான் உட்கார்ந்தே வேலை செய்கிறவன், முழங்காலும் சரியில்லை. அந்தக் கதவைத் தாண்டி நான் இறங்கியதே இல்லை.

கல்யாணமான புதிதில், அவர்கள் தீ வைக்கும் நாட்களில் எனக்கு எழுத்து கண்ணில் நிற்காது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அப்படி ஒரு நாளில், சிறுபிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் இரண்டு படங்களின் குறிப்புகள் இடம் மாறியிருந்ததைக் கவனிக்காமல், திமிங்கலத்தை மரக்கிளையில் கூடு கட்ட வைத்துவிட்டேன். அச்சகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த முதல் வேலையிலிருந்தே, தன்னை ரேடியோவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னாள். சாலையில் வண்டி பக்கத்தில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் இனி வேலை, தீ இருக்கும் பக்கமே போகவேண்டியதில்லை. நான் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினேன். மாலையில் முகம் துலங்க, தலை படிய வாரி வந்து நிற்பாள். சட்டையில் மட்டும் புகை வாசனை அடிக்கும். கேட்டால், "காத்து என் பக்கம் திரும்பிடுச்சுங்க, நான் என்ன பண்ண" என்பாள்.

அவள் இறந்தது தீயில் அல்ல. தீ வைத்ததற்கு மறுநாள் காலையில், எல்லாம் அடங்கிய பிறகு. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எரிந்த விளிம்பு நெடுக மண்டியிட்டு நகர்ந்து, புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்கள். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. புறங்கைதான் உண்மை சொல்லும். அவள் அப்படி மண்டியிட்டிருந்தபோது, அடியில் எரிந்துபோயிருந்த ஒரு பட்டமரம் பின்னாலிருந்து சாய்ந்தது. காற்றுகூட இல்லையாம்.

ரேடியோக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று அவளுடைய உதவியாளனிடம் கேட்டேன். காத்து என்பது அவன் பட்டப்பெயர். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்க்காமல் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு ஆள் குறைவு அத்தான் என்றான். ஆள் குறைவு என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நான் வெகுநாள் கிடந்தேன்.

அடுத்த மழைக்குள் பின்கதவு வழியை இருபுறமும் புதர் நெருக்கத் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக் கத்தரியை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக இறங்கினேன். கொஞ்ச தூரம் வழி தெளிவாக இருந்தது. அதன் பிறகு புதர் மூடியிருந்தது. கீழே தெரிந்த கொட்டகைக் கூரையைக் குறிவைத்து நேராக வெட்டிக்கொண்டே போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் வேலை. அந்த வழியில் நடக்க யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் துணிகளைக் கொடுத்தாயிற்று, செருப்பைக்கூட யாரோ கேட்டு வாங்கிப் போனார்கள். அவள் உடம்பு இந்த உலகத்தில் விட்டுப்போன அச்சு என்று மிஞ்சியது அந்த வழி ஒன்றுதான்.

அதனால்தான் காத்து வந்து, இந்தச் சரிவை எரிக்க நாள் வந்துவிட்டது என்று சொன்னபோது முடியாது என்றேன். பின்கதவிலிருந்து எல்லைக்கல் வரை எங்கள் நிலம், என் சம்மதமில்லாமல் தொட முடியாது. புதர் போய்விட்டால் வழி என்று ஒன்று இருக்காது. இரண்டு பக்கமும் சுவர் இருந்தால்தானே சந்து? அவன் ரொம்ப நேரம் பேசிப் பார்த்தான். அக்காவே மூன்று வருஷமாக இந்தச் சரிவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றான். இதற்கு அடியில் ஒரு கிழங்குச் செடி தூங்குகிறது, தீ போன மறு மழைக்கு மட்டும் பூக்கும், அதை உங்களுக்குக் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் என்றான். நான் தேநீர் போட எழுந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் எதிர் மலையில் தானாகவே தீ பிடித்தது. மேசையிலிருந்தபடியே பார்த்தேன். யாரும் தொடாமல் விட்டிருந்த பக்கத்தில் தீ மரத்துக்கு மரம் தலையோடு தாவி ஏறியது. அவள் குழு முன்பு எரித்துவைத்திருந்த பக்கத்துக்கு வந்ததும் இறங்கி, புல்லை மட்டும் நக்கிக்கொண்டு போய், ஓடைக்கரையில் படுத்துவிட்டது. மறுநாள் ஒரு பாதி மலை வெள்ளைச் சாம்பலும் கரிக்கம்பங்களுமாக நின்றது. மற்றப் பாதியில் மரங்கள் பாவாடை மட்டும் கருகினாற்போல் பச்சைத் தலையோடு நின்றன.

மழை முடிந்து தரை காய்ந்ததும் காத்து மறுபடி வந்தான். இந்த முறை உட்காரவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து வெளியே போனவன், வழியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"வெட்டினதையெல்லாம் எங்க போட்டீங்க அத்தான்?"

"அங்கங்க ஓரமாத்தான்."

"ரெண்டு பக்கமுமா? கொட்டகை வரைக்குமா?"

ஆமாம் என்றேன். ஓரம் கோணாமல், வரி பிடித்தாற்போல் அடுக்கியிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் குனிந்து ஒரு சுள்ளியை எடுத்தான். ஒடித்தபோது சடக்கென்று முறிந்தது.

"காஞ்சு நொறுங்குது. கீழ ஒரு பொறி விழுந்தா நேரா உங்க கதவுக்கு வந்து சேரும். நீங்க வழி போடல அத்தான், திரி போட்டிருக்கீங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது, அழுகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா இதப் பாத்திருந்தா..." என்றான், சிரிப்பை அடக்க முடியாமல். "திமிங்கலத்துக்கு அடுத்தபடி இதத்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. அடங்கியதும் வைத்துக்கொள் என்றேன். என்னவென்று கேட்டான். தீயை, என்றேன்.

சுற்றிலும் மண் தெரியச் செதுக்கிக் கோடு போட்டார்கள். என் அடுக்குகளைக் கலைத்து நடுவே பரப்பினார்கள். காத்து விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வேண்டாம் என்றான், மூன்றாம் நாள் தலையாட்டினான். முதலில் ஒரு பாய் அகலத்துக்குப் பற்றவைத்து, அது எப்படி நடக்கிறது என்று எல்லோரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேலிருந்து, என் கதவுக்குக் கீழிருந்தே, எண்ணெய் சொட்டும் குடுவையால் வரிசையாக வைத்துக்கொண்டு போனார்கள். தீ மேலே ஏறினால் ஓடும், கீழே இறங்கினால் நடக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது நடந்துதான் போனது. மழை பிடிக்கும்போது இலைகளில் எழுமே, அந்த மாதிரிச் சத்தம். என் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்துக் கதவருகே நிறுத்தியிருந்தார்கள். அதற்கு வேலை வரவில்லை. சாம்பல் மட்டும் என் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன், தலை முழுக்க நரைத்ததுபோல் இருந்தது. புருவத்தில், காது மடிப்பில், எங்கும். வண்டிப் பக்கத்தில் நிற்கிறவள் மேல் இதில் பாதியாவது விழுந்திருக்காதா என்று அப்போதுதான் தோன்றியது.

விடிந்ததும் ஜன்னலுக்குப் போனேன். ஒன்றும் இருக்காது என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் பார்த்தேன். கருத்த சரிவின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று இறங்கியது. மிதிபட்டு மிதிபட்டு இறுகிய மண்ணில் எரிய ஒன்றும் இருந்திருக்கவில்லை. புதருக்குள் ஒருநாளும் பார்க்கக் கிடைக்காத அவளுடைய வழி, முழு நீளத்துக்கும் தெரிந்தது.

அது நான் வெட்டிய வழி இல்லை. மேல் பகுதி ஒன்றுதான். பாதியில் என்னுடையது நேரே போயிருக்க, அவளுடையது இடப்பக்கம் வளைந்து ஒரு பாறைக்குப் போய், அங்கிருந்து கொட்டகைக்கு இறங்கியது. பாறைக்கு முன்னால் பாய் போட்ட மாதிரி ஒரு வெளிறிய திட்டு. நாள் தவறாமல் யாரோ நின்ற இடம்.

தரை ஆறும்வரை காத்திருந்துவிட்டு இறங்கினேன். பாறை இடுக்கில் ஒரு பிஸ்கட் டப்பா செருகியிருந்தது, வெளிப்பக்கம் கருகிப்போய். முதலில் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். பிறகு திறந்தேன். பழுப்பாக வறண்ட ஒரு துண்டு, உருகி மறுபடி கெட்டியான சோப்பு, ஒரு எஃகுச் சீப்பு. அவ்வளவுதான்.

சீப்பைப் பிடித்தபடி கொட்டகைக்குப் போனேன். காத்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தான். சீப்பைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினான்.

"அவ எப்பவாவது ரேடியோவுல இருந்தாளா?"

"இல்ல அத்தான்."

"ஒரு நாளாவது?"

"அதுக்கு ரேடியோ பிடிக்கவே பிடிக்காது. முன்னால குடுவையைப் பிடிச்சுக்கிட்டுப் போறது எப்பவும் அக்காதான்." குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நேரம் ஆச்சு, தலைய வாரிட்டு வீட்டுக்குப் போகணும், இல்லாட்டி அந்த மனுஷன் தூங்கமாட்டாருன்னு சொல்லும். நாங்க கிண்டல் பண்ணுவோம்."

வந்த வழியே திரும்பினேன். அவள் உயிரோடிருந்த காலமெல்லாம் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அந்தத் தூக்கத்தை ஒவ்வொரு மாலையும் அந்தப் பாறையடியில் நின்று அவள் தயார் செய்திருக்கிறாள். எழுத்துப் பிழையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் நான், புகை மணக்கும் சட்டைக்கு மேல் அத்தனை சுத்தமான தலை எப்படி என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

மழை வந்தது. புதர்களின் கருகிய அடியிலிருந்து சிவப்புத் தளிர்கள் கொத்தாகக் கிளம்பின. புதருக்கு நடுவே நின்ற குட்டைப் பைன்களின் காய்கள் திறந்து உதிர்த்த விதைகள் சாம்பலில் முளைத்து, ஊசித் தலையோடு நின்றன. அவள் சொன்ன கிழங்குச் செடியும் பூத்தது. மங்கலான மஞ்சள், பெரிய அழகென்று சொல்ல முடியாது. இதற்குத்தானா மூன்று வருஷம் என்று அவளிடம் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

வழியின் ஓரங்களில் புல் நுழைந்துவிட்டது. இன்னும் இரண்டு மழையில் மூடிவிடும். அடுத்த தீ ஏழெட்டு வருஷம் கழித்து என்கிறான் காத்து. கத்தரியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலங்களில் பாறை வரை இறங்கிப் போகிறேன். நிற்கும் கரிக்குச்சிகள் சட்டையிலும் தலையிலும் உரசும். கொஞ்ச நேரம் நிற்பேன். மேலே என் ஜன்னல் தெரியும், விளக்கும் காலி நாற்காலியின் முதுகும். பிறகு டப்பாவைத் திறந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வேன். வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கரியெல்லாம் போய்விட்டதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன்.