குதிரை வைத்த செக்மேட்

மங்கோலியப் புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகைக்கு ஊருக்குப் போவது ஒருவர்தான். வானிலை நிலையத்தில் கருவிகளைப் பார்த்துத் தலைநகருக்குச் சொல்ல இன்னொருவர் இருந்தே ஆகவேண்டும். வெளியே வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் ஹாரன் அடித்தே கோபிப் பாலைவனத்தை எழுப்பிக்கொண்டிருந்தான். உள்ளே கல்சனும் அவனுடைய மூத்த சகா பாவூவும் சதுரங்கப் பலகைக்கு முன்னால் இருந்தார்கள். யார் போவது என்று ஆண்டுதோறும் அந்தப் பலகைதான் தீர்மானிக்கும். ஆட்டம் சமனானால் போன வருடம் தங்கியவர் போவார்.

போன வருடம் ஆட்டம் சமன்; அதற்கு முந்தின வருடம் தங்கிய கல்சன் போனான், பாவூ தங்கினான். ஆகவே இந்தமுறை கல்சன் ஜெயித்தே தீரவேண்டும். மகள் நோமினுக்கு இந்தப் பண்டிகையில் முதல் முடியிறக்கம். கத்தரி வாங்கி, நீலப் பட்டுத்துணி கட்டி, கோட்டுப் பையில் வைத்திருந்தான். "அப்பா வந்தாத்தான் தலையக் காட்டுவேன்" என்று தொலைபேசியில் கறாராகச் சொல்லியிருந்தாள் அவள்.

கல்சனுக்கு நடு ஆட்டம்தான் எப்போதும் தகராறு. தொடக்கத்தைப் புத்தகத்தில் இருப்பதுபோல் வைத்துவிடுவான். அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்; கைக்கு வந்த சிப்பாயைத் தள்ளி மாட்டிக்கொள்வான். இந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பழகியிருந்தான். காயைத் தொடுமுன் இரண்டே கேள்வி: எதிராளி என்ன நினைக்கிறான்? என் காய்களில் சும்மா நிற்பது எது?

இன்றும் பாவூவின் சிப்பாய்கள் நெருக்கிக்கொண்டு வந்தன. கல்சன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். ஓரத்தில் ஒரு குதிரை சும்மா நின்றது. அதை மெல்ல உள்ளே கொண்டுவந்தான். பாவூவின் ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மூலையில் அடைபட்டுக் கிடந்தது.

"செக்மேட்!" குதிரையை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தான் கல்சன்.

பாவூ உப்புத் தேநீரை உறிஞ்சினான். "உக்காருடா தம்பி. குதிரையால ராஜாவக் கொன்னா அது ஜெயிப்பு இல்ல. அப்பன் பாட்டன் வெளையாடுன சட்டம். ஆட்டம் சமன்."

"என்னண்ணே இது? அந்தப் பழைய சட்டத்த இப்ப எவன் பாக்குறான்?"

"போன வருசம் நான் குதிரைய வெச்சு மடக்குனேன். இதே நாற்காலியில உக்காந்து அந்தச் சட்டத்த எடுத்து விட்டது யாரு? எனக்கே மறந்துபோச்சுடா அது. நீதான் ஞாபகப்படுத்திட்டு வண்டி ஏறுன. எம் பொஞ்சாதி பூஸ் கொழுக்கட்ட அவிச்சு வெச்சுட்டு வாசலயே பாத்துக்கிட்டிருந்தா."

கல்சனை வெட்கம் பிடுங்கித் தின்றது. பலகையைப் பார்த்தான். அவனுடைய தேர் திறந்த வரிசையில் நின்றது. அதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளியிருந்தாலும் செக்மேட்தான். குதிரை வந்த அழகில் தேரைப் பார்க்கவே இல்லை.

பாவூ மூட்டையைத் தூக்கினான். கல்சன் கத்தரியை நீட்டினான்.

"உங்க வழியிலதானே எங்க வீடு. எனக்குப் பதிலா நீங்க வெட்டுங்கண்ணே."

"அழுவாளேடா."

"அழுவா. காத மட்டும் பாத்துக்கங்க."

வண்டி கிளப்பிய புழுதி அடங்குமுன் தொலைபேசி அடித்தது.

"அப்பா, வண்டி ஏறிட்டியா?"

"கத்தரி ஏறிடுச்சும்மா" என்றான் கல்சன்.