மேற்கே திறந்த இடம்

ஜவ்வாது மலையில் அருணகிரிக்குத் தெரியாத காடு இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் கடைசியில் அருணகிரி வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். மனுசன் கெட்டவன் இல்லை. "உனக்குத் தெரியாத எடமா?" என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவான். அவனிடம் இருந்த கோளாறு அவ்வளவுதான். அந்தக் கோளாறுதான் கூடப் பிறந்த தங்கச்சி குடும்பத்தின் வயிற்றில் அடித்தது.

எண்பதாம் வருஷம், தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு வாணியம்பாடியிலிருந்து அமீனுல்லா வாத்தியார் மலையேறி வந்தார். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர். அவருடைய மாமாவின் தோல் பதனிடும் ஷாப்புக்கு அருணகிரிதான் வருஷா வருஷம் கடுக்காய் பொறுக்கி அனுப்புவான். அந்தப் பழக்கத்தில் நேராக இவன் வீட்டுக்கே வந்துவிட்டார். மாசி பிறந்ததும் வருகிற அமாவாசையில் சூரிய கிரகணமாம். சூரியன் முழுசாக மறைவது ஆந்திராப் பக்கம்தான். ஆனால் அவ்வளவு தூரம் பிள்ளைகளை ரயிலேற்ற வீடுகளில் சம்மதிக்கவில்லை. இங்கேயும் முக்காலுக்கு மேல் மறையும், மலைமேல் தூசி இல்லாமல் தெரியும், முதல் நாளே வந்து காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்ளலாம் என்பது அவருடைய ஏற்பாடு.

"மதியத்துக்கு மேலதாங்க பிடிக்குது. அதனால மேற்கே மரமோ மேடோ மறைக்கக் கூடாது. தரை சமமா இருக்கணும், பக்கத்துல தண்ணி இருக்கணும். உங்களுக்குத் தெரியாத எடமா?" என்றார் வாத்தியார்.

கேட்க வேண்டுமா! மடித்துக் கட்டினான் வேட்டியை.

முதலில் கரடிப் பாறைக்குக் கூட்டிப்போனான். வானம் விரித்துப்போட்டது போலத் தெரிந்தது, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. அப்புறம் ஓடைக்கரை. வாத்தியார் கையை நீட்டி, அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கி அளந்து பார்த்தார். சூரியன் நிற்கப்போகிற உயரத்தில் நாவல் மரங்கள் நின்றன. "நல்ல எடம்தாங்க, ஆனா..." என்று இழுத்தார். மூங்கில் காட்டுச் சரிவிலும் அதே "ஆனா". அருணகிரிக்கு அந்த "ஆனா" காதுக்குள் எறும்பு புகுந்தது போல இருந்தது. பொழுது சாயச் சாய, காடே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக ஓர் ஆத்திரம். "போதுங்க, ரொம்ப அலைஞ்சிட்டீங்க. அடுத்த மலையில கேட்டுப் பாக்கறேன்" என்று வாத்தியார் சொன்னதும் புத்தி கழன்றுவிட்டது.

"இன்னொரு எடம் கீது சார். வாங்க."

அது காசியின் காடு. காசி, அருணகிரியின் தங்கச்சி பாஞ்சாலையின் புருஷன். பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பிகள் அவனுக்குத் தள்ளியது வெறும் பாறை மூலை. அதில் என்ன விளையும்? ஆகவே சர்க்கார் காட்டுக்கு உள்ளே, யார் கண்ணுக்கும் படாத ஒரு சமதரையில் மரத்தை வெட்டிச் சாய்த்து, மூன்று வருஷமாகச் சாமை விதைத்து வந்தான். அந்தச் சாமையில்தான் பாஞ்சாலை வீட்டு அடுப்பு எரிந்தது. வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்கு, ஜெயில், காடும் போச்சு. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. வெளி ஆள் ஒருவரை அங்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போன முதல் ஆள் அருணகிரிதான்.

அறுவடை முடிந்து தரை மொட்டையாகக் கிடந்தது. மேற்கே ஒரு தடையும் இல்லை, கீழே ஓடை. வாத்தியார் முஷ்டி அடுக்கக்கூட இல்லை. "அல்லாவே! இது போதுங்க!" என்று சின்னப்பிள்ளை மாதிரி நடுவில் ஓடிப்போய் நின்றார். வெட்டிய அடிமரம் ஒன்று துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, அருணகிரி அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டான்.

"இது யார் எடம்?"

"யார்தும் இல்ல சார். சும்மா கெடக்கற வெளி."

"உங்கள மாதிரி காடு தெரிஞ்ச ஆள நான் பாத்ததில்ல" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனையும்! அருணகிரி உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த வார்த்தை வந்தது. "ஜமுனாமரத்தூர்ல ரேஞ்சரப் பாத்துட்டுத்தான் வர்றேன். எடத்தச் சொல்லுங்க, சந்தைக்கு மறுநாள் நானே நேர்ல வந்து பாத்து அனுமதி தர்றேன்னாரு."

அருணகிரி அடிமரத்தின்மேல் விரித்த துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டான். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். "சார், என் தங்கச்சி வூட்டுக் காடு இது, காட்டிக் குடுத்துடாதீங்க" என்று சொல்லியிருந்தால் அந்த மனுசர் சத்தியமாக யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டார். ஆனால் சும்மா கிடக்கிற வெளி என்று சொன்ன வாய் எப்படித் திரும்பும்? மானம் விடவில்லை.

சந்தை நாள் விடியற்காலையில் அவன் ஓடைக்குப் போனான். நீளவாக்கில் ஒரு கல்லை எடுத்தான், பிடிக்கவில்லை, போட்டுவிட்டு வேறொன்று எடுத்தான். காசியின் காட்டு ஓரத்தில், இலுப்பை மரத்தடியில் அதை நட்டான். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வேப்பிலை செருகினான். "ஒரு நாளைக்குத்தான் தாயே, கோச்சிக்காத" என்று அந்தக் கல்லிடமே சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், ரேஞ்சரைப் பார்க்க வந்து இறங்கிய வாத்தியாரை வழிமறித்தான்.

"சார், மோசம் போய்ட்டேன். அந்த எடத்துல ஆத்தா கீது. அன்னிக்கு மறந்துட்டேன். ரேஞ்சர்கிட்ட சொல்லிட வேணாம்."

நம்பமாட்டார், நாலு கேள்வி கேட்பார் என்று நினைத்தான். வாத்தியார் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனான். காட்டு விளிம்பிலேயே அவர் செருப்பைக் கழற்றினார். "அன்னைக்கு செருப்போட நடந்துட்டேனே! மன்னிச்சுடுங்க. நீங்க கும்பிடற எடத்துல நாங்க கூடாரம் அடிக்க மாட்டோம். பாறையிலயே தங்கிக்கறோம், தண்ணி சொமந்துக்கலாம்" என்றார். செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்ட அந்த நேரத்தில் அருணகிரிக்குத் தலை தானாகக் குனிந்தது. தூ, நீயெல்லாம் ஒரு ஆளா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் தப்பித்தோம் என்று மூச்சு வந்தது. ரேஞ்சருக்குப் பாறையைச் சொல்லியாயிற்று. காசியின் காடு பிழைத்தது.

கல்லை அன்றைக்கே பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். பாறையில் கூடாரத்துக்கு எங்கே கயிறு கட்டலாம் என்று பார்ப்பதற்கு வாத்தியார் கூப்பிட்டார். இவன் போய்விட்டான். மறுநாள் காலை கல்லைப் பிடுங்கப் போனால் அங்கே ஊரே நிற்கிறது. சுள்ளி பொறுக்க வந்த பாஞ்சாலைதான் முதலில் பார்த்திருக்கிறாள். ஊர்க்கவுண்டர் கல்லுக்குச் சிவப்புத் துணி சுற்றிவிட்டார். இரண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஆத்தா நம்ம காட்டுக்கு வந்துட்டா" என்றான் காசி. முகத்தில் ரத்தமே இல்லை.

சாமி தானாக வந்து நின்ற மண்ணில் அதற்கப்புறம் ஏர் ஓடக்கூடாது. மலையில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருணகிரிக்கும் தெரியும். கல் நடும்போது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? ரேஞ்சர் எடுத்துக்கொள்வாரோ என்று பயந்த காட்டை இவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இவனும் கும்பிட்டான், வேறென்ன செய்வது!

"நம்மகிட்ட வந்துகீறா. சோத்துக்கு இன்னா வழின்னு அவளே பாத்துக்க மாட்டாளாண்ணா?" என்று பாஞ்சாலை அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவன் பக்கத்தில் நின்ற மரத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தங்கச்சி வீட்டுப் படி வரைக்கும் போவான், "சும்மாதான் வந்தேன்" என்று திரும்பிவிடுவான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். கிரகணத்தன்று ஊரில் ஒருத்தரும் வெளியே தலை காட்ட மாட்டார்கள். அந்த நேரத்தில் கல்லைப் பிடுங்கி ஓடையில் போட்டுவிடலாம். வந்த மாதிரியே ஆத்தா போய்விட்டாள் என்று ஊர் சொல்லிக்கொள்ளும். சித்திரை மழைக்குக் காசி ஏர் பூட்டிவிடுவான்.

கிரகணமும் வந்தது. வீடுகளில் அடுப்பை அணைத்து, தண்ணீர்ப் பானையில் வேப்பிலை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாறைமேல் கல்லூரிப் பிள்ளைகள் புகை படிந்த கண்ணாடியை வைத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அருணகிரி மெல்ல நழுவினான். வெயில் இருக்கிறது, ஆனால் சூடு இல்லை. காடு முழுக்க மங்கிய மஞ்சள் வெளிச்சம், பறவைகள் அடையத் தொடங்கிவிட்டன. இலுப்பை மரத்தின் கீழே தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறையாக வெயில் விழுந்திருந்தது.

அந்தப் பிறைகளுக்கு நடுவே காசி குந்தியிருந்தான். கையில் கடப்பாரை. கல்லின் காலடி மண் கொஞ்சம் கிளறியிருந்தது.

அருணகிரியைக் கண்டதும் காசி உடைந்துபோனான். "பாத்துட்டியா மச்சான்! பாவி நான். வர்ற வருஷம் புள்ளைங்க பசிய நெனச்சிப் பாக்க முடியாம வந்துட்டேன். கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு மீதிய உழுதுக்கலாம்னு பாத்தேன். கடப்பாரைய வெச்சேன், சூரியனே அணைஞ்சு போச்சு. கை வர்ல மச்சான். யார்கிட்டயும் சொல்லிடாத."

இதற்கு மேல் அருணகிரியால் தாங்க முடியவில்லை. "இது சாமி இல்லடா மாப்ள. ஓடையில கெடந்த கல்லு. நான்தான் நட்டேன்" என்று ஆரம்பித்து, வாத்தியாரைக் கூட்டி வந்தது, ரேஞ்சர் வருவதாக இருந்தது, பயந்துபோய்க் கல்லை வைத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

காசி எழுந்தான். "என் காட்டுக்கு நீயா ஆளக் கூட்டினு வந்த?"

"நான்தான். அடி. நாலு அடி அடிச்சிடு, எனக்கு ஆறும்."

காசி கையை ஓங்கவும் செய்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ரேஞ்சர் வந்திருந்தா?"

"உன்னப் புடிச்சிருப்பாரு."

"வராம நிறுத்தனது யாரு?"

"நான்தான். இந்தக் கல்ல..."

"கல்லு!" ஓங்கிய கையைக் காசி கல் பக்கம் நீட்டினான். "நீ செஞ்ச தப்புக்கு அவ வந்து குறுக்க நின்னுகீறா. ஓடையில எத்தினி கல்லு கெடக்குது? இத இன்னாத்துக்கு எடுத்த? நீ எடுக்கல மச்சான், அவ எடுக்க வெச்சிகீறா. என்னக் காப்பாத்தனவ மேலயே கடப்பாரை போட்டுட்டேனே!"

"அட மடையா, நான் பொய்யி சொன்னேன்டா! வாய் கூசாம பொய்யி சொன்னேன்!" அருணகிரி கடப்பாரையைப் பிடுங்கிக் கல்லுக்கு அடியில் செருகினான். காசி கல்லைக் கட்டிக்கொண்டு விழுந்தான். "என் புள்ளைங்க மேல ஆணை, தொடாத!" என்று கத்தினான். அருணகிரி கடப்பாரையைக் கீழே போட்டான். காசி கிளறிய மண்ணைத் திரும்ப அணைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினான். வெயில் மெல்லப் பழையபடி சுட ஆரம்பித்தது.

"என் காட்ட நீ உழு. பாதி உனக்கு" என்றான் அருணகிரி. கெஞ்சுகிற குரல்.

"உன் காடு உன் வூட்டுக்கே பத்தாது. படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டக் கூப்பட்றாங்க. குடும்பத்தோட போய்ட்றோம். இவளுக்கு யாரு வெளக்கு ஏத்தறதுன்னுதான் ஒரே கவல." காசி மண் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் கைய புடிச்சினுதான வந்தா. நீயே ஏத்து."

அந்த வாரமே கிளம்பினார்கள். தலையில் பானையும் சட்டியும், இடுப்பில் சின்னது, கையில் பெரியது. இறக்கத்துக்குத் திரும்புகிற இடத்தில் பாஞ்சாலை நின்று, மடியிலிருந்து ஒரு எண்ணெய்ப் புட்டியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். காசி அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இது தீந்துட்டா சொல்லியனுப்புண்ணா. கூலி வந்ததும் மொத எண்ணெயதான் வாங்கித் தருவேன்."