கேப்டன் பாடாத மூன்று வாரம்

முதலில் போனது சிள்வண்டு. பரமாரிபோவில் மழை விட்ட சாயங்காலம் சிள்வண்டு கத்தாத கொல்லை உண்டா? ஹெஸ்டியின் கொல்லையில் கத்தவில்லை. சிள்வண்டு வாயடைத்த வீட்டில் சாவு விழும் என்று அவன் நம்பினான். மனைவி நோரினிடம் மூச்சுவிடவில்லை. இதையெல்லாம் வாயால் சொன்னால் அதற்குப் பலம் வந்துவிடும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் பயம்.

அடுத்தது கெட்டில். கொதித்தால் விசிலடிக்கும் கெட்டில் ஒரு நாள் தண்ணீர் வற்றி, அடி கருகிக் கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, நோரின் சந்தைக்குப் போயிருந்தாள்.

மூன்றாவது கேப்டன்.

கேப்டன் ஒரு ட்வாட்வா, உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குருவி. ஞாயிறு காலை மைதானத்தில் இரண்டு கம்பங்களில் இரண்டு கூண்டுகளைத் தொங்கவிடுவார்கள். கால் மணி நேரத்தில் எது அதிகம் கூவுகிறதோ அது ஜெயித்தது. ஒவ்வொரு கூவலுக்கும் நடுவர் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஹெஸ்டி கேப்டனைக் குஞ்சிலிருந்து வளர்த்தவன். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தூக்கிச் சுமந்திருக்க மாட்டான்.

மூன்று வாரமாகக் கேப்டனின் அலகு திறக்கிறது, தொண்டை புடைக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. யாரோ குரலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போன மாதிரி.

யாரோ என்ன யாரோ, வகினோதான். மர மில்லில் இருபத்தாறு வருஷமாக ஒரே ரம்பத்தில் வேலை பார்க்கும் கூட்டாளி. அவனுடைய குருவி கேப்டனிடம் நாலு தடவை தோற்றிருந்தது. போன மாதம் கூண்டுக்குள் விரலை விட்டு, "என்னா அழகுடா!" என்றவன் அவன். ஹெஸ்டி செய்வினை கழியக் கூண்டில் சலவை நீலத்தைத் தடவினான். நீலம் கலந்த தண்ணீரில் குருவியைக் குளிப்பாட்டினான். மைதானத்துக்குப் போவதையும் வகினோவோடு பேசுவதையும் நிறுத்தினான். ஒன்றும் பலிக்கவில்லை. செய்வினை பட்ட குருவியை வீட்டில் வைத்தால் சாவு நிச்சயம். இந்த ஞாயிறு மைதானத்திலும் பாடாவிட்டால் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தான். 

ஞாயிறு. எதிர்க் கம்பத்தில் வகினோவின் குருவியேதான். இரண்டும் அலகைத் திறந்தன. சத்தமில்லை. ஆனால் நடுவர் கேப்டனின் பலகையில் கோடு போட்டார். இன்னொரு கோடு. இன்னொன்று.

ஹெஸ்டி திரும்பிப் பார்த்தான். புல்வெளியில் முப்பது கூண்டுகள். முப்பதிலும் அலகுகள் திறந்து மூடின. பஸ்ஸின் உறுமல் கேட்டது, யாரோ இருமியது கேட்டது. குருவிகள் மட்டும் ஊமையாக இருந்தன.

அவன் வகினோவின் சட்டையைப் பிடித்தான். "என்னடா பண்ணித் தொலைச்ச என் குருவிய?"

"நானா? உன் குருவிதான்டா என் மானத்த வாங்குது. பலகையப் பாரு, முப்பது தாண்டிடுச்சு!"

"பொய்! அது கூவவே இல்ல."

வகினோ அவனையே பார்த்தான். பிறகு ஹெஸ்டியின் காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரல்களை உரசினான். "இது கேக்குதா?"

"எது?"

வகினோ கையை இறக்கினான். "ரம்பம்டா. நம்ம ரம்பம் காதத் தின்னுடுச்சு. கீச்சுச் சத்தந்தான் மொதல்ல போகும், பேச்செல்லாம் கேக்கும், அதான் ஒண்ணும் தெரியாது. எனக்கு இடது காது போயே போச்சு. எப்பவும் உன் இடப்பக்கமே வந்து நிக்கிறேனே, ஏன்னு நெனச்ச?"

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொன்னா வலதும் போயிடுமோன்னு பயம். நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம், ரெண்டு பேரும். போனது வராது. இருக்கறதயாவது காப்பாத்தலாம்."

அப்படியானால் சிள்வண்டுகள் கொல்லையிலேதான் இருந்தன. கெட்டில் அவன் பக்கத்திலேயே அலறியிருக்கிறது. எதுவும் வீட்டைவிட்டுப் போகவில்லை, அவன்தான் போய்க்கொண்டிருந்தான். நோரினின் மெல்லிய குரல் நினைவுக்கு வந்தது. வரிசையில் அடுத்தது அதுவா?

"எத்தன தடவ கூவுதுன்னு எனக்குத் தெரியணும்டா," என்றான்.

வகினோ அவன் தோளில் விரலை வைத்தான். கேப்டனின் அலகு திறந்தது, ஒரு தட்டு. மறுபடி திறந்தது, மறுபடி ஒரு தட்டு. தன் குருவி தோற்பதைத் தட்டித் தட்டி எண்ணினான் வகினோ, ஒன்றைக்கூட விடாமல்.

நேரம் முடிந்தது. நடுவர் சாக்பீஸைக் கீழே வைத்தார், கேப்டன் நிறுத்தவில்லை. ஹெஸ்டி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தோளில் தட்டு விழுந்துகொண்டே இருந்தது.