கைதட்டி வரவேற்ற இடி

கம்பத்திலிருந்து கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கேரள எல்லையில் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்த சுருளிவேலின் ஜீப் ஏலத்தோட்டத்து வாசலில் நின்றது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் பேச்சியம்மாள், சுருளிவேலின் மனைவி. காய் உலர்த்தும் ஸ்டோரின் படியில் பால் விடாத கட்டன் சாயாவோடு நின்றிருந்த சூப்பர்வைசர் பவுல்ராஜைப் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏந் தம்பி, சாயாவுல சீனி போடலையா? மூஞ்சி இப்படி இருக்கு?"

"போட்டேங்க்கா."

"அப்ப நாளையிலருந்து ரெண்டு கரண்டி கூடப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்று நினைவு வந்தவன்போல அவனும் சிரித்தான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மாவட்டத்து வானிலை அறிவிப்பு. கோடையின் முதல் வாரங்களில் வெயில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்; மலையின் கிழக்குச் சரிவுகளில் பிற்பகலில் பலத்த இடியுடன் மழை பெய்யும்; இன்று மஞ்சள் எச்சரிக்கை, மதியத்துக்கு மேல் வெட்டவெளியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். எல்லாம் மலையாளத்தில் இருந்தது. மேலே மஞ்சளாக ஒரு மேகத்தின் படம். அவன் அதைத் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குத் தள்ளிவிட்டான். தினமும் செய்கிற வேலை. சாயா ஆறுவதற்குள் அந்தப் படத்தின் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் விழுந்திருந்தன.

தட்டாமல் என்ன செய்வார்கள்? பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. ஏலச்செடியின் இலை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. இந்த மாதத்தில் மேகத்தின் படம் ஏலக்காட்டுக்காரனுக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி.

பவுல்ராஜும் ஒரு காலத்தில் இந்த மழைக்குக் காத்திருந்தவன்தான். கல்யாணம் முடிந்து வந்த முதல் கோடையில், ஸ்டோரின் தகரத்தில் ஆலங்கட்டி படபடவென்று விழுந்தது. காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிலோமி முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். தலை நனைய, முறம் நிறைய அள்ளி வந்து அவன் சட்டைப் பையில் கொட்டினாள். "உருகறதுக்குள்ள தின்னுங்க" என்றாள். அவள் கையில் ஏலக்காய் மணந்தது. நனைந்த மண்ணின் வாசனையும் அந்த மணமும் கலந்து அன்று ஸ்டோர் முழுக்க நின்றது. பிறகு வந்த கோடைகளில் மேகம் கறுத்தால் இருவரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். போன வருடத்துக்கு முந்திய வருடம் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் மழை பெய்தது. அவன் வெளியே வரவில்லை.

மேனேஜர் ஜிஜோ பைக்கை நிறுத்தாமலே சத்தம் போட்டான். "பவுலே, மழ உண்டுன்னு கண்டல்லோ? மத்தியானம் எல்லாரையும் மேல்காட்டுக்கு விடு. மழ வரும்முன்னே உரம் போட்டு தீர்க்கணும், கேட்டோ?"

"சரி சார்."

மழைக்கு முன் உரம் போட்டுவிடுவது ஏலக்காட்டு வழக்கம். அறிவிப்பைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஒதுங்கச் சொன்ன நேரமும் உரத்துக்குக் குறித்த நேரமும் ஒன்றே என்பது பவுல்ராஜின் காதில் விழுந்தது. அதற்குமேல் உள்ளே போகவில்லை. இப்போதெல்லாம் அவனுக்குள் எதுவும் போவதில்லை.

மதியத்துக்கு மேல் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் வானம் கறுத்தது. முதல் இடி உருண்டது. அவன் படிக்கு வந்து பார்த்தான். மேல்காட்டு உச்சியில், இருப்பதிலேயே உயரமான அயினி மரத்தடியில் மழைக்கு ஒதுங்கக் கட்டிய நீலப் படுதா தெரிந்தது. ஓடினான்.

படுதாவுக்குக் கீழே முறுக்குப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது.

"வாங்க சார், மொத மழைக்கு முறுக்கு!"

"எல்லாரும் எந்திரிங்க. ஸ்டோருக்குப் போகணும்."

"இருங்க சார், செடி தண்ணி குடிக்கிறதப் பாத்துட்டு வாரோம்."

"இடி விழும்க்கா! காலையிலேயே அனுப்பினேனே!"

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். "அதுல இடி எங்க இருந்துச்சு? மேகந்தான இருந்துச்சு?"

"கீழ எழுதியிருந்துச்சே."

"மலையாளத்துல எழுதியிருந்தா? கம்பம் பள்ளிக்கூடத்துல எந்த வாத்தியாரு எனக்கு மலையாளம் சொல்லிக்குடுத்தாரு? பிலோமி இருந்தவரைக்கும் அதை வாயால பேசி அனுப்பும். 'அக்காமாரே, இன்னைக்கு இடி இருக்கு. மரத்தடியில எவளையாச்சும் பாத்தேன், கால ஒடிச்சுருவேன்'னு. நீ வெறும் படத்த அனுப்புற. நாங்க கைதட்டுறோம்."

அவனுக்கு இது தெரியாது. காலையில் ஸ்டோர் படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்த பிலோமியை, யாரோடோ அரட்டை அடிக்கிறாள் என்றே நினைத்திருந்தான்.

பெண்கள் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். பாதி வழியில் பேச்சியம்மாள் திரும்பினாள். "உரச் சாக்க மூடாம வந்துட்டேன். நனைஞ்சா அந்த மேனேஜர் சாரு தாம்தூம்னு குதிப்பாரு."

"வேண்டாங்க்கா! வாங்க!"

அவள் ஓடிவிட்டாள். வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே விழுந்தன. அயினி மரத்தின் பட்டை உச்சியிலிருந்து அடிவரை வெள்ளையாக உரிந்து தொங்கியது. பேச்சியம்மாள் சாக்குகளுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள்.

மூச்சு இல்லை. பவுல்ராஜ் அவளைப் புரட்டி, நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். கல்லூரியில் முதலுதவி முகாமில் ரப்பர் பொம்மையின் மேல் பழகியது. மழை கொட்டியது. "பேச்சிக்கா! பேச்சிக்கா!" பிலோமியைப் புதைத்த அன்றுகூட அவன் இப்படிக் கத்தவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் இருமினாள். படுதாவில் கிடத்தி, நால்வராகத் தூக்கி, சுருளிவேலின் ஜீப்பில் ஏற்றினார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் மருத்துவர். ஒரு காது இனிக் கேட்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுருளிவேல் நனைந்த சட்டையோடு நின்றிருந்தான்.

"சார், இடி இருக்குன்னு காலையிலயே தெரியுமா?"

பவுல்ராஜ் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே பைக்கில் வந்திருந்த ஜிஜோ முந்திக்கொண்டான். "குரூப்பில் இட்டதல்லே? இதா பாரு. எஸ்டேட்டு பேர்ல ஒரு தப்பும் இல்ல."

போனை நீட்டினான். மஞ்சள் மேகம். அதன் கீழே முதல் கைதட்டல் சுருளிவேலுடையது. அவன் அதைப் பார்த்தான். தலை மெல்லத் தொங்கியது.

"ஆமா சார். நானும் தட்டியிருக்கேன்."

அத்தோடு முடிந்திருக்கும். பவுல்ராஜ் பேசாமல் இருந்திருந்தால் அவனை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குனிந்த தலையை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தலைய நிமித்துங்கண்ணே. எனக்குத் தெரியும். காலையிலயே தெரியும். உங்களுக்குப் படிக்கத் தெரியாத பாஷையில அனுப்பிட்டு, என் வேலை முடிஞ்சுதுன்னு நின்னு சாயா குடிச்சேன். அதே நேரத்துக்கு அக்காவ மேல்காட்டுக்கு ஏத்தி விட்டதும் நாங்கதான்."

"பவுலே, மிண்டாதே!" என்று ஜிஜோ அதட்டினான்.

"பேசாம இருந்துதான் சார் இவ்வளவும்." பவுல்ராஜ் நிறுத்தவில்லை. "சேதிய அனுப்பிட்டா நாம தப்பிச்சுக்கலாம். காட்டுல நிக்கிறவங்க தப்பிக்க அது போதாது. அவங்களுக்குப் புரியுற பேச்சுல போய்ச் சேரணும். சேந்தப்புறம் வேலைய நிறுத்தி அவங்கள ஒதுங்க விடணும். இது ரெண்டையும் செய்யாதவன், முன்னாடியே சொன்னேன்னு வாயத் தொறக்கக் கூடாது."