தொண்டையில் ஒன்றுமில்லை

“இறங்கலைன்னா இறங்கலைங்க, நான் என்ன…”

“எல்லாம் வேணும்னே! என் கைச்சோறு உனக்கு…”

“…வேஷமா போடறேன்?”

“…இளக்காரமாப் போச்சு!”

கைச்சோறு என்று கத்தியவர் தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரர். முந்நூறு பேர் தட்டை வழித்துச் சாப்பிட்டுப் போவார்கள். அந்தக் கை போட்ட சோறுதான் ஆறு மாதமாகக் கட்டினவளின் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. முதலில் காரத்தைக் குறைத்தார். பிறகு சோற்றைக் குழைத்தார். கடைசியில் கஞ்சி வைத்தார், அது இறங்கியது. உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: “கஞ்சி இறங்குது, சோறு இறங்கலைன்னா அது கொழுப்பு.” தங்கை ஃபோனிலேயே வழிமொழிந்தாள்: “அண்ணிக்கு உன் சமையல் அலுத்துப் போச்சுண்ணா.”

கொழுப்பு பிடித்தவளுக்கோ வளையல் முழங்கை வரை ஏறியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பத்து நாளில் அவருக்குப் பணி ஓய்வு விருந்து. முன்வரிசையில் உட்கார்ந்து அவள் முழுச்சாப்பாடு சாப்பிட்டாக வேண்டுமாம். அதற்குத்தான் இன்று வீட்டில் சோறு போட்டு இந்த ஒத்திகை.

மூன்றாவது கவளத்தில் அவளுக்குக் கண் பிதுங்கியது. பெரிய மனசு பண்ணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டினாள். “தொண்டையில ஒண்ணுமில்லம்மா. சின்ன வயசுக் காய்ச்சல்ல உங்க இதய வால்வு சுருங்கியிருக்கு. ரத்தம் தேங்கித் தேங்கி மேல் அறை ஊதிப்போய், பின்னால இருக்கற உணவுக்குழாயை நெரிக்குது.”

சமையல்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். “அப்ப என் சமையல்ல குறை இல்ல?”

“சமையலை நான் பரிசோதிக்கலைங்க.”

“குறை இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, தங்கச்சிக்குக் காட்டணும்.”

“வால்வுக்கு ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா இதயம் தாங்காது. இன்னைக்கே சேர்த்துடலாம்.”

“பத்து நாள் பொறுக்கக் கூடாதா டாக்டர்? விருந்து இருக்கு. சமையல்காரன் பொண்டாட்டியே சாப்பிட வரலைன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். “நீங்க என்னம்மா சொல்றீங்க?” முப்பது வருஷமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் புருஷன்தான் பதில் சொல்வார். இப்போதும் வாயைத் திறந்தார்.

அவள் செருப்பைக் கழற்றி அங்கிருந்த கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறிப் படுத்தாள்.

“நான் இங்கயே இருந்துக்கறேன். நீங்க அந்த எக்ஸ்ரேவைக் கொண்டுபோய் முன்வரிசையில உக்கார வச்சு ஊட்டி விடுங்க.”